பக்கத்து வகுப்பு டீச்சர்

திருத்தங்கல் பள்ளியில் நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஏழாம் வகுப்பு ‘ஏ’ பிரிவு அவளுக்கு, ‘பி’ எனக்கு. நடுவில் ஒரு மரத் தடுப்புதான். நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் அவள் தணிந்த குரலில் பேசுவதும் பிள்ளைகள் சிரிப்பதும் கேட்கும். பி.எட்.டில் அவளைவிட எனக்கு மதிப்பெண் அதிகம். அதை விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தேன்.

தீபாவளி சீசனில் ஒரு மதியம், பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது ஜன்னல் அதிரும்படி ஒரு சத்தம். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள் இருந்த அந்த ஊருக்கு வெடிச்சத்தம் புதிதில்லை. ஆனால் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். வெடித்துப் பார்க்கும் சத்தத்துக்கும் விபத்துச் சத்தத்துக்கும் வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்யும் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் எனக்குத் தெரியவில்லை.

“டீச்சர், எங்கம்மா அங்கனதான் வேலை பாக்காக” என்று முன்பெஞ்சுப் பெண் அழ ஆரம்பித்தாள். வாசலை நோக்கி எல்லாரும் நெருக்கினார்கள். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். “உக்காருங்க! ஒண்ணுமில்ல!” என்று கத்தினேன். அழுகை கூடியது.

ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். அவள் தன் வகுப்பை வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தாள். வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், யாருடைய அம்மா எந்தக் கம்பெனியில் வேலை, அந்த ஆபீஸ் நம்பர் என்ன என்று முன்பே எழுதி வைத்திருந்தாள். செல்போனில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், உங்க பிள்ளைகளையும் இங்கன கூட்டிட்டு வாங்க. சேந்தே கேட்டுருவோம்.”

“தேவையில்லை. நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

அந்த முன்பெஞ்சுப் பெண் என் கையைத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தாள். என் வகுப்பு மொத்தமும் மரத்தடிக்கு, பக்கத்து வகுப்பு டீச்சரிடம் ஓடியது. காலி பெஞ்சுகளுக்கு நடுவில் சாக்பீஸோடு நின்றேன். அந்தப் பிள்ளைகளுடைய அம்மாக்களின் நிலைமையைவிட, அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கைகள்தான் எனக்கு உறைத்தன.

கொஞ்ச நேரத்தில் தகவல் வந்தது. பட்டாசு மருந்து காயப்போட்டிருந்த ஷெட் ஒன்று வெடித்திருந்தது. எல்லாரும் சாப்பாட்டுக்கு வெளியே போயிருந்ததால் யாருக்கும் காயமில்லை.

மறுநாள் ஓய்வறையில், “நேத்து பெரிய காரியம் பண்ணிட்டீங்க” என்று குத்தலாகச் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. “நான் அஞ்சாப்பு படிக்கையில இப்படித்தான் ஒரு சத்தம் டீச்சர். எங்க சார் கதவைப் பூட்டிட்டாக. சாயங்காலம் வரைக்கும் எங்கம்மாவப் பத்தி ஒண்ணும் தெரியல.”

அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. அவளுக்கு மட்டும் அப்படியொரு காரணம் இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

ஆனாலும் அந்த வாரமே என் பதிவேட்டிலும் கம்பெனி நம்பர்களை எழுதினேன். அவளைக் கேட்காமல், ஒவ்வொரு பிள்ளையாக விசாரித்து. இரண்டு வருடம் கழித்து அவளுக்கு சாத்தூர்ப் பக்கம் மாற்றல் கிடைத்தது. என் வகுப்புப் பிள்ளைகளும் கூடி அழுதார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உள்ளே நிம்மதியாக இருந்தது.