இடது பக்க ஸ்பீக்கர்

பேய் இருட்டில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கவே வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. கட்டுக்கதை என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் எதற்கெடுத்தாலும் பகிடி விடும் யாகோப்பு, இதைச் சொல்லும்போது மட்டும் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. நடந்தது நடந்ததுதான்.

1984ஆம் ஆண்டு. குருநகர் யாகோப்புவிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. வட்டுக்கோட்டையில் தோட்டம் செய்யும் சோமசேகரத்திடம் வாங்கியது. விடிய மீன் ஏற்றிக்கொண்டு வட்டுக்கோட்டைக்குப் போவான். மத்தியானம் வெறும் வண்டியோடு திரும்புவான். கலியாணமாகி நாலு மாதம். மனைவி றோஸ் அந்த வண்டியில் ஒருநாளும் ஏறியதில்லை.

"உந்த மீன் நாத்தத்துக்கை நான் ஏறன். நீங்களும் உங்கடை சூடை மீனும் போங்கோ."

அவளைப் பக்கத்தில் இருத்தி ஒரு நாளாவது ஓடவேண்டும். ஆசைதான், வேறென்ன! றோசுக்குப் பாட்டென்றால் உயிர். அதனால் வண்டியிலிருந்த கரகரப்பு றேடியோவைக் கழற்றி எறிந்துவிட்டு, யப்பான் கசெற் செற் ஒன்றும் பெரிய ஸ்பீக்கர் இரண்டும் வாங்கினான். றேடியோ திருத்தும் மரியரட்ணம் இரண்டு கதவிலும் கீழ்ப்பக்கம் வெட்டி, ஒவ்வொன்றாகப் பூட்டிக் கொடுத்தான்.

வீட்டு வாசலில் நிற்கும்போது பாட்டு கணீரென்று கேட்டது. வண்டி ஓடத் தொடங்கியதும்... இடது பக்கம் அடைத்தது. யாரோ வாயைப் பொத்தியதுபோல. நிறுத்தினால் திறந்தது. மறுபடி ஓடினால் அடைத்தது. ஒவ்வொரு நாளும் இதே கதைதான்.

மரியரட்ணம் வயரை இழுத்துப் பார்த்தான். ஒரு பிழையும் இல்லை. பிறகு பாட்டைப் போட்டுவிட்டு இடது சீற்றில் ஏறி இருந்தான்.

பாட்டு அடைத்தது.

காலை இழுத்தான். திறந்தது.

"முழங்கால் முட்டினா உப்பிடித்தான் அடைக்கும், அண்ணை. பக்கத்திலை இருக்கிற ஆளைக் காலை எடுக்கச் சொல்லுங்கோ."

"நான் தனியத்தானேடா வாறனான்..."

மரியரட்ணம் சிரித்தான். யாகோப்பு இடது சீற்றையே பார்த்தான்.

அந்த நேரம் பார்த்துத்தானா றோஸ் மனமிரங்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வட்டுக்கோட்டையில் இருக்கும் சிநேகிதியைப் பார்க்கப் பிக்கப்பிலேயே போவோம் என்றாள். நாலு மாதமாகக் கெஞ்சியவன் இப்போது எந்த வாயால் வேண்டாம் என்பான்? வண்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினான். பயத்தை விழுங்கிக்கொண்டான்.

போகும்போது இடது பக்கம் அடைத்தே கிடந்தது. றோசின் கால்தான் முட்டுகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

திரும்பும்போது மணி பன்னிரண்டரை. கொதிக்கிற வெயில். தெருவில் ஒரு குஞ்சு குருமன் இல்லை.

"இஞ்சருங்கோ, கொஞ்சம் தள்ளுங்கோ."

தள்ளினான்.

"இன்னும் கொஞ்சம்."

"எங்கையப்பா தள்ளுறது? கதவோடை ஒட்டிப்போனன். அங்காலை இடம் கிடக்குத்தானே?"

"தெரியேல்லை... நெருக்குது."

திரும்பிப் பார்த்தான். றோஸ் அவன் தோளோடு ஒட்டியிருந்தாள். அவளுடைய இரண்டு காலும் கியர்த் தடிப் பக்கம். கதவோரம் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம் வெறுமையாகக் கிடந்தது.

கதவில் யாருடைய காலும் முட்டவில்லை.

இடது ஸ்பீக்கர் அடைத்துத்தான் பாடியது...

ஆனைக்கோட்டை கழிந்தது. ஒரு மதகு வந்தது. அங்கே தெரு சட்டென்று வலப்பக்கம் திரும்பும்.

திருப்பினான்.

ஸ்பீக்கர் திறந்தது.

கணீரென்று.

டக்...!

இடது கதவு அகலத் திறந்தது. சீற்றில் கிடந்த றோசின் கைப்பை வழுக்கிக்கொண்டு வெளியே போய் விழுந்தது.

றோஸ் கத்தவில்லை. அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அந்தோனியாரே..." என்றான் யாகோப்பு. வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். அன்று பின்னேரம் மரியரட்ணம் கதவைக் கழற்றிப் பார்த்தான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"அண்ணை, பூட்டின்ரை நாக்கு தேய்ஞ்சே போச்சு. தேய்ஞ்ச இடத்திலை பழைய துரு. உது வருசக்கணக்கா ஒண்டையும் பிடிச்சிருக்காது."

"அப்ப இவ்வளவு நாளும் கதவு எப்பிடியடா மூடிக் கிடந்தது?"

மரியரட்ணம் அந்த நாக்கை விரலால் தட்டிப் பார்த்தான்.

திங்கட்கிழமை விடிந்ததும் யாகோப்பு கோபத்தோடு வட்டுக்கோட்டைக்குப் போனான். பழுதான பூட்டோடு வண்டியைத் தலையில் கட்டிய மனிதனை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று போனான். சோமசேகரம் அவனை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். சுவரில் ஒரு பெண்ணின் படம் இருந்தது. அதில் போட்டிருந்த மாலை இன்னும் முழுதாக வாடவில்லை.

கதவு திறந்த கதையை அவன் சொல்லி முடிக்குமட்டும் அவர் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் விக்கேக்கை சொல்லியிருக்க வேணும், தம்பி. உந்தப் பூட்டு அப்பவே பிடிக்காது. என்ரை மனிசி பூரணம் முழங்காலைக் கதவிலை முண்டு குடுத்துக்கொண்டுதான் வாறவ. எப்பவும் அப்பிடித்தான். அந்த மதகடியிலை ஒரே ஒருக்காத்தான் காலை எடுத்தவ."

யாகோப்பு கதிரையின் நுனிக்கு வந்தான்.

"அது... எண்டைக்கு, அண்ணை?"

சோமசேகரம் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"நேற்றுத்தான் திவசம்."