நியூட்ரலில் நிற்காத கார்

கள்ளிக்குப்பத்தில் எட்மண்டை நம்பாதவர்கள் யாருமில்லை; எட்மண்ட்தான் யாரையும் நம்பமாட்டார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜென்மம். அப்படிப்பட்டவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வாய்த்த வேலை, காருக்கு எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் வடிவமைப்பது. லீவர் கிடையாது, சின்னப் பொத்தான்தான். இன்ஜினை அணைத்தால் மோட்டார் தானாகவே பின்சக்கரங்களைக் கவ்விக்கொள்ளும். மனுஷன் மறந்தாலும் கார் மறக்காது என்று பூரித்துப்போவார்.

பேட்டரி செத்தால் என்ன செய்வது என்று கேட்டான் கூட வேலைசெய்யும் ஸ்ரீநாத். டிக்கிக்குள் ஒரு கம்பி வைத்தால் கையால் இழுத்து விடுவிக்கலாம் என்று படிவமும் நிரப்பிக் கொடுத்தான். அதில் 'பயன்படுத்தப்போவது யார்?' என்ற கட்டத்தில் 'யாருமில்லை' என்று எழுதி, கம்பி வேண்டாமென்று எட்மண்ட் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அவர் குடியிருந்த அடுக்ககத்தில் நாலு கார் நிற்கிற இடத்தில் ஏழு கார். குறுக்கே நிறுத்துபவர்கள் ஹேண்ட்பிரேக் போடாமல் நியூட்ரலில் விட்டுப் போகவேண்டும். வாட்ச்மேன் வீரராகவன் தள்ளி வழிவிடுவார். எட்மண்டுக்கு இந்த வழக்கமே பிடிக்காது. தன் பிரேக் பொருத்திய புதுக் காரைத் தெருவில்தான் நிறுத்தினார். மகள் ரெனிதாவின் கல்யாணத்துக்காகத் தெருவில் பந்தல் போட்டதால், முந்தின நாள் ராத்திரி முதல்முறையாக உள்ளே, குறுக்கே நிறுத்தினார். பூட்டியாகிவிட்டதா என்று நாலு தடவை திறந்து பார்த்தவர், நாலாவது தடவை கதவைச் சரியாகச் சாத்தவில்லை. விடியவிடிய உள்விளக்கு எரிந்து எரிந்து பேட்டரி தீர்ந்துபோனது.

காலை ஒன்பதரை. பத்துக்கு மாதா கோயிலில் கல்யாணப் பூசை. பதினொன்றுக்கு அங்கே வேறொரு கல்யாணம். பூ சுற்றிய மணப்பெண் கார் உள்ளே, எட்மண்டின் கார் குறுக்கே. மூக்கு சுவரில் முட்டி நின்றதால் பானெட்டைத் திறந்து வேறு பேட்டரி கொடுக்கவும் வழியில்லை. வாடகைக் கார் மூன்று முறை ரத்தானது.

வீரராகவன் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். "இன்னா சார் இது, எருமை மாரி படுத்துகினு கீது! பிரேக்க எடு சார்."

"எடுக்க முடியாது. பேட்டரி போச்சு."

"இப்டி ஒரு வண்டிய எவன் சார் செஞ்சான்? அவன் மட்டும் என் கைல கெடைச்சான்..."

"கெடைச்சிட்டாரு," என்றாள் எட்மண்டின் மனைவி ஞானகுமாரி. "உங்க முன்னாடிதான் நிக்கிறாரு."

ரெனிதா முக்காட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "டாடி, நீங்க செஞ்சதுதானே? நீங்களே விடுங்க."

"விடாதும்மா. அதான் அதோட சிறப்பே."

வீரராகவன் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, சமையல்காரரின் வாழையிலைக் கட்டைப் பிரித்துப் பின்சக்கரங்களுக்கு அடியிலும் பின்னாலும் பரப்பி, சோப்புத் தண்ணீரைக் கொட்டினார். கோட்டு போட்ட மாமன்மார் எட்டுப் பேர் பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்தார்கள். கார் சர்ரென்று வழுக்கிக்கொண்டு வந்தது.

எட்மண்ட் பட்டுச் சட்டையோடு தரையில் படுத்துச் சக்கரத்தைப் பார்த்தார். அது ஒரு விரற்கடைகூட உருளவில்லை. "விடல! பிரேக் விடவேயில்ல!" என்று கத்தினார்.

யாரும் கைதட்டவில்லை. எழுந்து பார்த்தால், ரெனிதாவின் கண்மை கன்னம்வரை கரைந்திருந்தது. எட்மண்டை வெட்கம் பிடுங்கித் தின்றது.

பத்தேகாலுக்குக் கோயில் போய்ச் சேர்ந்தார்கள். சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டு தாலியை எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை எட்மண்ட் அந்தப் பழைய படிவத்தைத் தேடி எடுத்தார். 'யாருமில்லை' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினார்: 'பெண்ணின் அப்பா.'