வட்டம் கீறிய கோப்பை

வீரகத்தியைச் சோறுதான் கொன்றது என்று நான் சொன்னால் எங்கள் குடியேற்றத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். காடு வெட்டி, மலேரியாவோடு மல்லுக்கட்டி, அரைவயிறு கிடந்து நெல்லைக் கண்டவர்கள் நாங்கள். சோற்றைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது.

1961இல் அவர் இருநூற்று முப்பது இறாத்தல். நெல் ஆலைத் தராசில் ஏறி நின்றபோது மூட்டை தூக்குகிறவர்கள் சீட்டியடித்தார்கள். இந்த உடம்பை இதயம் கனநாளைக்குத் தாங்காது என்று சொன்ன கிளிநொச்சி டாக்குத்தர், ஒரு கடுதாசியில் கலோரிக் கணக்கு எழுதிக் கொடுத்தார். நாளைக்கு ஆயிரத்து அறுநூறு. இடியப்பம் ஒன்றுக்கு இவ்வளவு, ஒரு கரண்டி தேங்காய்ப்பூவுக்கு இவ்வளவு என்று வரிவரியாக இருந்தது.

"விமலேஸ்வரியை என்ரை கையாலை தாரை வார்த்துக் குடுக்கோணும். அதுமட்டும் உயிரோடை இருந்தால் காணும்," என்று பக்கத்துக் காணிக்காரனான என்னிடம் சொன்னார். அவருக்கு ஒரே மகள் அவள்.

சொன்னபடி செய்தார். தான் சோறு போட்டுச் சாப்பிடும் தட்டையான எனாமல் கோப்பையின் நடுவில் ஆணியால் ஒரு வட்டம் கீறினார். சோறு அந்த வட்டத்தைத் தாண்டக்கூடாது. அந்தக் கோப்பையை வீட்டில் வேறு யாரும் எடுக்கவும் கூடாது. விடிந்ததும் வாய்க்கால் கட்டின்மேல் கையை வீசிக்கொண்டு நாலு மைல் நடப்பார். "எந்த மாட்டைத் தேடிப் போறியள்?" என்று கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

பத்து மாதத்தில் எழுபது இறாத்தல் இறங்கியது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, கன்னம் ஒட்டிவிட்டது. அவருக்கு ஒரே பெருமை. ஊருக்குச் சந்தேகம்.

அந்த நேரம் பார்த்து ஒட்டுசுட்டானிலிருந்து செல்வநாயகம் குடும்பம் பெண் பார்க்க வந்தது. முக்கால்வாசி பேசி முடிந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய் கமலாசனி குசினிக்குள் உதவிக்குப் போய், பலகாரம் வைக்க அந்தக் கோப்பையைக் கையில் எடுத்தார். வீரகத்தியின் மனைவி அன்னபாக்கியம் பதறிப்போனார்.

"ஐயோ, அதை வையுங்கோ! அது இவரின்ரை கோப்பை. அதிலை நாங்கள் ஒருத்தரும் சாப்பிடுறேல்லை."

எங்கள் பக்கத்தில் கசம் என்கிற சயரோகம் வந்தவருக்குத்தான் தனிக்கோப்பை வைப்பார்கள். கமலாசனி வெளியே வந்து வீரகத்தியின் கன்னத்தை ஒருமுறை பார்த்தார். ஊற்றிவைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. பெடியனுக்கு இப்போதைக்குக் கலியாணம் வேண்டாமாம் என்று அடுத்த கிழமை தரகர் வந்து சொன்னார்.

டாக்குத்தரின் கடுதாசியோடு நான் பஸ் ஏறி ஒட்டுசுட்டானுக்குப் போனேன். செல்வநாயகம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீடு நிறைய நெல்லை வைச்சுக்கொண்டு எந்த மனிசன் வேணுமெண்டு பட்டினி கிடப்பான்? எங்களைப் பேயர் எண்டு நினைச்சியளோ?"

கடுதாசியை மடித்துக்கொண்டு எழும்பினேன். நானும் அப்படி நினைத்துச் சிரித்தவன்தானே. இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

வீரகத்தி அன்றோடு நடையை விட்டார். அன்னபாக்கியம் அழுது பார்த்தார், கேட்கவில்லை.

"போடு சோத்தை. கசக்காரன் இப்பிடித் தடிப்பானோ எண்டு அவையள் பாக்கட்டும்."

கோப்பையில் இருந்த வட்டம் சோற்றுக்குள் மறைந்துபோனது. ஒரு வருடத்துக்குள் பழைய உடம்பு திரும்பிவிட்டது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய், சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு செல்வநாயகத்தின் கண்ணில் படும்படி கோயில் வீதியை மூன்று முறை சுற்றினார். செல்வநாயகம் கண்டு கும்பிட்டார். அவருக்குப் பக்கத்தில் புது மருமகள் நின்றாள்.

இரண்டு மாதம் கழித்து, வயல் வரம்பில் இளைப்பாற இருந்த வீரகத்தி எழும்பவில்லை.

செத்தவீட்டுக்குச் செல்வநாயகமும் வந்தார். பாடைக்கு எனக்கு முன்னால் தோள் கொடுத்தார். வாசல் படலைக்குப் போகமுன்னமே அவருக்கு மூச்சு வாங்கியது.

"என்ன பாரமப்பா! இந்த மனிசனுக்கோ கசம் எண்டு சொன்னவை?"

பாடையோடு படலைக்கு அங்கால் பெண்கள் வருவதில்லை. விமலேஸ்வரி அந்த இடத்தில்தான் நின்றாள்.

"ஓம் மாமா. நீங்கள்தான் சொன்னனீங்கள்."

அவர் தோள் மாற்ற ஆள் தேடினார்.