எழுதாமல் விட்ட அமாவாசை

பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருக்கிறது. யோகலட்சுமி பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள். பார்ப்பது பாலை அல்ல. ஜன்னலுக்கு வெளியே தணிகை மலை பாதி மேகத்துக்குள் இருக்கிறது. படியேறுகிறவர்கள் மஞ்சள் புள்ளிகளாக அதற்குள் போய் மறைகிறார்கள். அவள் உதடுகள் மட்டும் அசைகின்றன. "கேட்டா மட்டும் எடு. சும்மா எடுக்காத." கணவன் ஹேமநாதன் ஓடிவந்து அடுப்பை அணைக்கிறான். பாத்திரம் தேய்ப்பது அவன் பங்கு என்பதால் அவனுக்கு அக்கறை அதிகம்.

அவள் பேசியது ஏஐ ஏஜென்டிடம். சென்னையில் ஓர் இணையப் புடவைக் கடை. வாங்க வருகிறவர்களோடு அங்கே பேசுவது ஆள் அல்ல, இந்தக் கணினி ஏஜென்ட். சரக்கு இருக்கிறதா என்று பார்க்க ஒரு டூல், ஆர்டரை ரத்து செய்ய இன்னொன்று, புடவை எந்த நாளில் கைக்கு வரும் என்று சொல்ல வேறொன்று என்று அதற்குப் பல டூல்கள். ஒவ்வொன்றும் எதற்கு, எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது என்று விளக்கம் எழுதித் தருவதுதான் திருத்தணியில் இருந்தபடியே அவள் பார்க்கும் வேலை. எழுதியதை அது அப்படியே நம்பும். எழுதாதது அதற்குத் தெரியாது.

அவள் மனதில் அதற்கு ஓர் உருவம் உண்டு. எங்கிருந்தோ ரயிலில் வந்து இறங்கி, எந்த ஊர் என்றும் தெரியாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஓர் அப்பாவி மனிதர். கதவில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படித்துவிட்டு உள்ளே நுழைவார். அவர் தப்பான கதவைத் திறந்துவிடுவாரோ என்று யோகலட்சுமி எழுதியதையே மறுபடி மறுபடி படித்துப் பார்ப்பாள். என்னைப் பற்றி அவள் இவ்வளவு கவலைப்பட்டு யாரும் பார்த்ததில்லை என்பான் ஹேமநாதன்.

எழுதி முடித்ததும் கீழ்வீட்டுக் காஞ்சனாவிடம் போய் நிற்பாள். காஞ்சனா மலையடிவாரத்தில் பூ விற்கிறவள். மடியில் மல்லிகையைக் கொட்டிக்கொண்டு அவள்தான் ஏஜென்டாக நடிப்பாள், அதுவும் துளி இரக்கமில்லாமல். வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்னால் ஆர்டரை ரத்து செய் என்று யோகலட்சுமி ஒருமுறை எழுதியிருந்தாள். காஞ்சனா பூத்தொடுப்பதை நிறுத்தவில்லை.

"பொடவைய சுத்திக் குடுக்கற பொட்டி வேணாம்னு சொன்னாகூட ரத்துதானே? நீ எழ்திகீறதத்தான நா பண்ண முடியும்."

யோகலட்சுமி அந்த வரியைத் திருத்த மாடியேறினாள். அன்றைக்கும் பால் பொங்கியது.

அவளுடைய அப்பா பரந்தாமன் பள்ளிப்பட்டில் அதே கடைக்குத்தான் நெய்கிறார். மகளோடு பேசுவதற்காகத் தறியை நிறுத்துகிற வழக்கம் அவருக்கு இல்லை. போனைத் தறி மேலேயே வைத்து ஸ்பீக்கரில் பேசுவார். அவர் சொல்வதில் பாதி தறிச் சத்தத்தில் போய்விடும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவர் நன்றாக இருக்கிறார் என்று அவளுக்கும் ஒரு நம்பிக்கை. இந்த ஆடியில் அப்படி ஒரு நாள் சொன்னார்.

"நெல்லூர் கல்யாணப் பொடவைம்மா. அமாவாசைக்கு மறுநாள் அனுப்பிடுவோம்னு கடைல வாக்கு குட்துட்டாங்களாம். இன்னா பண்றது, அன்னிக்கும் ஒக்காந்துடறேன்."

யோகலட்சுமி தான் எழுதிய விளக்கத்தைத் திறந்து பார்த்தாள். வாக்குக் கொடுத்தது ஏஜென்ட். அதற்கு நாள் கணக்குச் சொல்லித் தந்தது அவளுடைய விளக்கம். அவர்கள் வீட்டில் அமாவாசையன்று தறி ஓடியதே இல்லை. அதிலும் ஆடி அமாவாசை, அப்பா தன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற நாள். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய விஷயம் என்பதாலேயே அதை எழுதவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மூச்சு விடு என்று யாருக்காவது எழுதிக் கொடுப்போமா? காஞ்சனாவுக்கும் தோன்றவில்லை. பூக்காரிக்கு அமாவாசை நல்ல வியாபார நாள்.

அமாவாசையன்று தறி ஓடாது, அந்த நாளைக் கணக்கில் சேர்க்காதே என்று உடனே எழுதிச் சேர்த்தாள். ஆனால் அது இனிமேல் வருகிறவர்களுக்கு. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். தன் ஒரு வரி விட்டுப்போனதால், அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா அந்த நாளில் தறிக்குழியில் இறங்கப்போகிறார் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. கடையில் கேட்டுக்கொண்டு நெல்லூர்ப் பெண்ணின் தாயாருக்குத் தானே போன் செய்தாள். திட்டு வாங்கத் தயாராகத் தெலுங்கில் விஷயத்தைச் சொன்னாள்.

அந்த அம்மாள் பதறிப்போனார். அமாவாசையில் நெய்த புடவையையா என் மகள் மணவறையில் கட்டுவாள்? அவர்கள் பக்கம் அன்றைக்கு எந்த நல்ல காரியத்தையும் தொடமாட்டார்களாம். ஒரு நாள் என்ன, இரண்டு நாள் தாமதமானாலும் பரவாயில்லை, உங்கள் அப்பாவைத் தறிப் பக்கமே போகவேண்டாம் என்று சொல்லம்மா என்று இவளையே கெஞ்சினார். நைனாவுக்குப் பெரிய நாள், நெல்லூர் அம்மாளுக்கு ஆகாத நாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே தறியை நிறுத்திவிட்டார்கள் என்று யோகலட்சுமி ஒரு வாரம் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆடி அமாவாசை காலையில் அப்பா போனில் கூப்பிட்டார்.

"ஆங், குளிக்கத்தாம்மா போய்கினு இருக்கறேன். வெச்சிடட்டா?"

"வெக்காத நைனா. தறி மேல அப்டியே வெச்சிட்டுப் போ."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. மகளைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர். செருப்புச் சத்தம் தேய்ந்து வாசல் தாண்டிப் போயிற்று. பிறகு பள்ளிப்பட்டில் எங்கோ ஒரு சேவல். அதன் பிறகு ஒன்றுமில்லை, தறிச் சத்தமும் இல்லை. யோகலட்சுமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். மேகம் மலையை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. கத்திக்கொண்டே ஓடிவந்த ஹேமநாதனைப் பார்த்து, அவள் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.