எட்டேகால் மணிப் பதிவு

எங்கள் முதியோர் இல்லத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண், நல்லெண்ணத்தோடுதான், பதினொரு பேருடைய பல்செட்டையும் ஒரே வாளியில் போட்டுக் கழுவிவிட்டாள். அதுவும் மதியச் சாப்பாட்டு நேரத்தில். மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சாவியக்கா வந்து ஒரு துண்டை விரித்தார். ஒவ்வொரு செட்டாக எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இது ஏழாம் நம்பர் அய்யாவோடது, அவரு ஒரு பக்கமாத்தான் மெல்லுவாரு" என்று சொல்லிக்கொண்டே பிரித்து வைத்தார். ஒன்றுகூட மாறவில்லை. யாராவது சாவியக்காவைப் பற்றிக் கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வது.

பிரசவத்துக்குப் போன நாத்தனாருக்குப் பதிலாக இரண்டு வாரம் வேலை பார்க்க வந்தவர் அவர். நாத்தனார் திரும்பி வரவே இல்லை. இவர் இருபத்து மூன்று வருடமாகப் போகவே இல்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தலை சீவுவது, திட்டு வாங்குவது எல்லாம் அவர் வேலை. யார் எவ்வளவு சாப்பிட்டார், யாருக்கு எந்த மாத்திரை என்று எழுதி வைக்கும் கோப்புகள் ஓர் இரும்பு அலமாரியில் இருந்தன. அதன் சாவி எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். பெயர் வந்தது அதனால்தான்.

போன வருடம் நிர்வாகம் அந்த அலமாரியை ஓரங்கட்டிவிட்டு எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றியது. ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார்கள். ஆபீஸ் வேலை பார்க்கிற நான் இரண்டு நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து, ஏதோ நானே கண்டுபிடித்தது போல எல்லாருக்கும் பாடம் நடத்தினேன்.

"இனிமே எல்லாம் எங்கயோ இருக்கற பெரிய கம்ப்யூட்டர்ல இருக்கும். டாக்டரும் பாக்கலாம், வெளிநாட்டுல இருக்கற பிள்ளைங்களும் பாக்கலாம்" என்றேன்.

"அந்த ரூம் சாவி யாருகிட்ட தம்பி இருக்கும்?" என்று கேட்டார் சாவியக்கா.

பாஸ்வேர்டு என்றால் என்ன என்று கால் மணி நேரம் விளக்கினேன். "அப்போ ஆளுக்கொரு சாவின்னு சொல்லு" என்றார். அவருக்கு அது பிடிக்கவில்லை.

விதி இதுதான். காலை உணவு கொடுத்ததை எட்டேகால் மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால், "காலை உணவு பதிவாகவில்லை" என்று வீட்டாரின் போனுக்குத் தானாகவே செய்தி போய்விடும். எங்கள் அறிக்கையில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். நேரத்துக்குப் பதிவு செய்தால் பச்சைப் புள்ளி, வீட்டாருக்கு எந்தச் செய்தியும் போகாது. முதல் மாதம் பழகுவதற்கு. அதற்குப் பிறகு ஒரே மாதத்தில் பத்துச் சிவப்பு வாங்குகிறவர் அறைகளை விட்டுத் துணி வெளுக்கும் பிரிவுக்குப் போக வேண்டும்.

சாவியக்காவோ எல்லா வேலையையும் முடித்துவிட்டு, பதினோரு மணிக்குச் சாவகாசமாக உட்கார்ந்து எழுதியே பழகியவர். அந்த முதல் மாதம் அவர் பொறுப்பில் இருந்த எட்டுப் பேரும் தினமும் ஒரே நிமிடத்தில் கஞ்சி குடித்ததாகப் பதிவாகியிருந்தது. எட்டு வீட்டிலிருந்தும் பதறிப்போய்ப் போன் வந்தது. நான் முன்கோபக்காரன், கத்திவிட்டேன்.

"மெஷினுக்கு அவசரம்னா நான் என்ன பண்றது? மனுஷங்களுக்கு முதல்ல ஊட்டணும்ல" என்றார் அவர், அமைதியாக.

ஆனாலும் பழகிக்கொண்டார். ஒற்றை விரலால், உதட்டைக் கடித்துக்கொண்டு. இரண்டாவது மாதம் ஏழு அறைகளில் ஒரு சிவப்புகூட இல்லை. நான்காம் அறையில் மட்டும் ஒன்பது நாளில் ஒன்பது சிவப்பு! தினமும் எட்டு இருபதுக்கு மேல்தான் பதிவு.

நான்காம் அறையில் இருந்தவர் டிக்கெட்டம்மா. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள், கடல் தாண்டி வேலை பார்க்கிறாள். அப்பா செத்த துக்க வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் வார்த்தை தடித்துவிட்டது. நான்கு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. எது வேண்டுமானாலும் மகள் ஆபீசுக்குத்தான் எழுதுவாள்.

சாவியக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டேன். "நாலாம் நம்பர்ல மட்டும் ஏன்க்கா லேட்டு? வேணும்னே பண்றீங்களா?"

"ஆமா" என்றார். பொய் சொல்லத் தெரியாதவர்.

"போன மாசம் மெசேஜ் போச்சுல்ல, அப்போதான் அந்தப் பொண்ணு நாலு வருஷத்துல முதல் தடவையா போன் பண்ணிச்சு. 'ஏம்மா சாப்பிடலை'ன்னு ஒரே அழுகை. இந்தம்மா சாப்பிட்டு முடிச்சு, கிண்ணத்தை நான் கழுவியே வச்சுட்டேன். ஆனா போன்ல என்ன சொல்லிச்சு தெரியுமா? 'இனிமேதான் சாப்பிடணும்'னு. அன்னையிலேர்ந்து தினமும் மெசேஜ், தினமும் போன். நான் நேரத்துக்குப் போட்டுட்டா அது எதைச் சாக்கா வச்சுக் கூப்பிடும்? ரெண்டுக்குமே வீம்பு தம்பி."

"நாளைக்கும் லேட்டானா பத்து ஆயிடும். துணி துவைக்கப் போகணும்."

"போறேன். துணி பேசாது, அவ்வளவுதானே" என்றார். இருபத்து மூன்று வருடம் மனிதர்களோடு பேசிப் பழகியவர். எனக்குப் பாவமாக இருந்தது. அதை மறைக்கக் கோபப்பட்டேன்.

"ஒருநாள் அவங்க நெஜமாவே சாப்பிடாம கெடந்தா? வழக்கமா வர்ற மெசேஜ்தானேன்னு எல்லாரும் விட்டுடுவோம். அப்போ என்ன பண்ணுவீங்க?"

அவர் முகம் சுண்டிப்போனது. "அதை நான் யோசிக்கலை" என்றார். எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினார். "நாளைக்கு நேரத்துக்குப் போடறேன். ஆனா நீ வந்து அந்த ரூம்ல நில்லு. அந்தம்மா முகத்தை நீயே பாரு."

மறுநாள் போனேன். டிக்கெட்டம்மா கஞ்சியை வழித்துக் குடித்து முடித்தார். எட்டு பத்துக்குச் சாவியக்கா ஒற்றை விரலால் தட்டினார். பச்சை விழுந்தது. டிக்கெட்டம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எட்டேகால் ஆனது. எட்டு இருபது ஆனது. வழக்கமாக இதற்குள் மகளின் போன் வந்துவிடும்.

"சார்ஜ் இருக்கா பாருங்க" என்று போனை என்னிடம் நீட்டினார். முழுசாக இருந்தது. சொன்னேன். வாங்கிக் கவிழ்த்து வைத்தார். பிறகு நிமிர்த்தி வைத்தார். சாவியக்கா ஏற்கெனவே சீவிய தலையை மறுபடியும் சீவிக்கொண்டிருந்தார். ஒரு பச்சைப் புள்ளிக்காக நான் அவ்வளவு வெட்கப்பட்டதே இல்லை. எட்டரை தாண்டியதும் டிக்கெட்டம்மா போனை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

எட்டு நாற்பதுக்கு அது அடித்தது.

டிக்கெட்டம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் சாவியக்கா ஸ்பீக்கரில் போட்டார். "அம்மா! என்னம்மா ஆச்சு உனக்கு? இன்னைக்கு மெசேஜே வரலையே!" என்று மகள் கத்தினாள்.

"எனக்கு என்ன? சாப்பிட்டேன்."

"சாப்பிட்டியா?"

"தினமும் சாப்பிட்டுட்டுதான்டி இருக்கேன்" என்றார் டிக்கெட்டம்மா. அவரை அறியாமல் வந்துவிட்டது. சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மகளின் குரல் இறங்கியது.

"தெரியும்மா. அந்த மெசேஜ் வந்தா, நாம பேசிட்டு இருக்கும்போதே, 'முழுவதும் சாப்பிட்டார்'னு எனக்கு இங்க இன்னொரு மெசேஜும் பின்னாடியே வந்துடும்."

சாவியக்காவின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

"அப்புறம் ஏன்டி சொல்லலை?"

"நீ மட்டும் சொன்னியா?"

டிக்கெட்டம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சாவியக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு ஏப்ரனால் துடைத்தார். நான் அவர் தோளைத் தட்டி, போகலாம் என்று ஜாடை காட்டினேன். கதவைச் சாத்தும்போது உள்ளே டிக்கெட்டம்மா சொல்வது கேட்டது.

"நாளைக்கும் கூப்பிடு. நான் சாப்பிட்டிருந்தாலும் கூப்பிடு."