கல்லை நக்கிப் பார்த்தவர்

எழுபதுகளில் ஒருநாள் பூண்டியிலிருந்து திருவள்ளூர் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர், வெயிலில் கருகிய மனிதர், பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து நக்கினார். நான் ஜன்னலோரம் ஒடுங்கினேன்.

"பயப்படாதீங்க. பழைய எலும்புன்னா நாக்குல ஒட்டும். இது வெறும் கல்லு."

அந்தப் பக்கம் ஆதிமனிதனின் கற்கோடரிகள் நிறையக் கிடைக்கின்றனவாம். அவனுடைய பல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம். வருஷக்கணக்காக அதைத்தான் தேடுகிறாராம்.

என் மேதாவித்தனம் சும்மா இருக்குமா? "எரிச்சு, எலும்பைப் பொறுக்கிக் கடல்ல கரைச்சிருப்பாங்க சார்! நம்மாளு இன்னாத்துக்கு வுட்டுட்டுப் போறான்?"

அவர் குலுங்கிச் சிரித்தார். பிறகு சொன்னார்: "இந்த மண்ணு எலும்பைத் தின்னுடும். அதான் ஊட்ல சொல்லிக்கினே இருக்கேன். என்னை எரிக்காதீங்க, பழவேற்காட்டுக் கிளிஞ்சல் மண்ணுல பொதைங்க. சுண்ணாம்புல எலும்பு நிக்கும். பின்னாடி தேடி வர்றவனாவது வெறுங்கையோட போகக் கூடாது."

"ஊட்ல இன்னா சொல்றாங்க?"

"அழறாங்க."

வீட்டுக்கு வந்ததும், எனக்கும் அப்படியே செய்யும்படி என் மனைவியிடம் சொன்னேன். "வாணாம். உன் மண்டையைத் தோண்டி எடுத்தா, கொரங்கு இன்னும் மனுசனாவலைன்னு எழுதிடுவாங்க" என்றாள்.

அவர் வீட்டார் கடைசியில் என்ன செய்தார்களோ, தெரியாது. பழவேற்காடு போனால், கிளிஞ்சல் மண்ணில் மெதுவாகத்தான் கால் வைக்கிறேன். அவரை மிதித்துவிடக் கூடாதே.