எல்லையில் அடிக்காத அலாரம்

முஸ்பிராவுக்குக் கடல் என்றால் பயம். சிலாவத்துறையில் பிறந்து, மீன்பிடிக்கிற வஸீருக்கு வாழ்க்கைப்பட்டவள் சொல்கிற பேச்சா இது என்று மச்சிமார் கேலி செய்வார்கள். பயத்துக்கு மருந்தாகத்தான் அந்த ஆப்பைத் தேடிப் பிடித்தாள். படகு இந்தியக் கடல் எல்லையை நெருங்கினால் போன் அலறும். எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் சம்பளமில்லாமல் செய்து இலவசமாகக் கொடுப்பது அது. இவளும் சும்மாவே அதைத் தமிழாக்கினாள். முதலில் வஸீரின் போனில்தான் ஏற்றினாள்.

ஒரு நாள் காலை, ஆப்பில் இன்னும் திருத்தாத பிழைகளைச் சொல்லும் பக்கத்தைத் தமிழாக்கத் திறந்தாள். போன் சைலண்டில் இருந்தால் எல்லை அலாரம் அடிக்காது என்று இருந்தது. கீழே ஒருவர், "கடலில் யார் சைலண்டில் வைப்பார்கள்? அவசரமில்லை, பிறகு பார்ப்போம்" என்று எழுதியிருந்தார்.

முஸ்பிரா அதை மறுபடி படித்தாள். இந்த ஊரில் எல்லாரும்தான் வைப்பார்கள்! விடியலில் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குள் நுழையும்போது சைலண்டில் போடுவார்கள். தொழுதுவிட்டு அப்படியே படகுக்குப் போவார்கள். சத்தத்தைத் திருப்பிப் போட யாருக்கு ஞாபகம்? அன்றும் வஸீர் அப்படித்தான் போயிருந்தான்.

அழைத்தாள். மணி போனது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தாள். அவனோடு போன பவ்ஸானும் பள்ளியிலிருந்து நேரே போனவன்தான். எல்லை தாண்டிப் பிடிபட்டால் படகும் போகும், ஆளும் அந்தக் கரைச் சிறையில் மறியலில் கிடக்க வேண்டும்.

அப்போதுதான் முள்ளிக்குளத்து அலெக்ஸாண்டரின் நினைவு வந்தது. அதே பக்கம் வலை போடுகிற கத்தோலிக்கர். அவர் போனாவது சத்தம் போடும். அழுதபடி அவருக்கு அழைத்தாள்.

"அண்ணே, இவர் எங்க நிக்கிறார் தெரியுமா?"

"மேற்க தூரத்தில தெரியுது தங்கச்சி. ஏன் அழுறீங்க?"

"எல்லைக்குக் கிட்டவோ?"

"தாண்டிட்டான் போல கிடக்கு. போனை வையுங்கோ, நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

அதற்குப் பிறகு அவரும் எடுக்கவில்லை. யா அல்லாஹ் என்பதைத் தவிர வேறு துஆ எதுவும் அவள் வாயில் வரவில்லை.

பின்னேரம் அலெக்ஸாண்டரின் படகுக்குப் பின்னால், பவ்ஸானோடு வஸீர் வந்து சேர்ந்தான். "அலாரம் அடிக்கல்லத்தானே, இன்னும் தூரம் இருக்கு எண்டு நினைச்சன்" என்றான். அந்த ஆப் இல்லாவிட்டால் அவன் பயந்து முன்னமே திரும்பியிருப்பான். முஸ்பிரா அவன் தோளில் ஓங்கி அடித்தாள். பிறகு அதே தோளில் சாய்ந்து அழுதாள்.

அன்றே அந்தப் பிழைக்குக் கீழே எழுதினாள்: "எங்கள் ஆட்கள் தொழுகையிலிருந்து நேரே கடலுக்குப் போகிறவர்கள். இன்று என் கணவர் எல்லை தாண்டிவிட்டார்."

சில நாளில் பதில் வந்தது. "மன்னியுங்கள், இது எங்களுக்குத் தெரியாது. திருத்திவிட்டோம். சைலண்டில் வைத்தும் என் மேசையில் அலாரம் அடிக்கிறது. கடலில் யாராவது சைலண்டில் வைத்துப் பார்த்துச் சொன்னால் எல்லாருக்கும் கொடுத்துவிடலாம்."

வஸீர் அதைப் படித்தான். புதியதை ஏற்றினான், போனைச் சைலண்டில் போட்டான்.

"எங்க போறீங்க?"

"பாத்துச் சொல்லத்தான். ஊர்ல எத்தின போட் போகுது."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அபாயாவை எடுத்து மாட்டினாள்.

"நில்லுங்கோ, நானும் வாறன். அது அடிக்காட்டி நான் கத்துறன்."